க்ராப் சென்சார் கேமராவுக்கு லென்ஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண போட்டோகிராஃபிக்குப் புதிதாக வரும் தம்பிகள் அடிக்கடி கேட்பது, "அண்ணா, அடுத்து என்ன லென்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். பெரும்பாலும் ஒன்றை வாங்கிவிட்ட பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. நாங்கள் தொடங்கிய காலத்தில் எதிலெல்லாம் காசை விட்டோமோ, அதே இடங்களில்தான் இவர்களும் விடுகிறார்கள். லென்ஸைச் சட்டைத் துணியால் துடைக்கக் கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும். பணத்தை விழுங்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன். படத்தைப் பதிவு செய்யும் சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் அளவில் இருந்தால் ஃபுல் ஃபிரேம், அதைவிடச் சிறியதாக இருந்தால் க்ராப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் ஃபுல் ஃபிரேம் போவோம் என்று இப்போதே 24-70 வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. கையில் இருப்பது கேனான் 200டி போன்ற ஒரு க்ராப் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா). யாராவது ஒரு சீனியர் சொல்லியிருப்பார்: "கிட் லென்ஸ் வேஸ்ட். 24-70 எஃப் 2.8 எடுத்துடு, நாளைக்கு ஃபுல் ஃபிரேம் வாங்கினா அப்படியே மாட்டிக்கலாம்." (24-70 என்பது மி.மீ. கணக்கு; எண் சிறிதானால் வைட், அதாவது காட்சி அகலமாக வரும். எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்.) கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கடன் வாங்கியாவது எடுத்துவிடுவார்கள்.

க்ராப் சென்சார் சிறியது. லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதியை மட்டுமே அது எடுத்துக்கொள்கிறது. அதனால் ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிட, லென்ஸின் மி.மீ. எண்ணை கேனானில் 1.6ஆலும் நிக்கான், சோனி, ஃபுஜியில் 1.5ஆலும் பெருக்க வேண்டும். 24 மி.மீ. இங்கே 38 போலத்தான் பார்க்கும். எந்த வைடுக்காக அந்த லென்ஸைத் தேடி வாங்கினோமோ, அது கிடைக்கவே கிடைக்காது.

ஒரு முகூர்த்தத்துக்கு என்னோடு வந்த தம்பி இந்த லென்ஸைத்தான் மாட்டிக்கொண்டு வந்தான். சின்ன மண்டபம். மேடையில் ஐயர், அக்னி, இரு வீட்டுச் சொந்தங்கள், லைட்டோடு வீடியோக்காரர். கெட்டிமேளம் கேட்டதும் அட்சதை போட எல்லோரும் முன்னால் நெருங்கிவிட்டார்கள். பின்னால் நகர அவனுக்கு ஓரடி இடம்கூட இல்லை. தாலி கட்டும் கையும் பெண்ணின் முகமும் படத்தில் வந்தன. பின்னால் நின்று முடிச்சுப் போட்ட நாத்தனார் வரவில்லை, அட்சதை விழுவது வரவில்லை, ஓரமாக நின்று கண்ணைத் துடைத்த பெண்ணின் அப்பா வரவில்லை. "இன்னொரு தடவை கட்டுங்க" என்று யாரிடம் கேட்க முடியும்? கேமராவோடு இலவசமாக வந்த 18-55 அன்று பையில் இருந்திருந்தாலே அவர்களெல்லாம் படத்துக்குள் வந்திருப்பார்கள். அதை அவன் ஏற்கெனவே விற்றிருந்தான்.

க்ராப் சென்சாருக்கென்றே செய்த எஃப் 2.8 ஜூம்கள் இருக்கின்றன. சிக்மா 17-50 எஃப் 2.8, கேனானில் 27 முதல் 80 வரை போலப் பார்க்கும். எடை 565 கிராம், ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனும் உண்டு. கேனானின் 24-70 எஃப் 2.8 எல் 2 லென்ஸோ 805 கிராம், ஸ்டெபிலைசேஷன் கிடையாது, விலையும் பல மடங்கு. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) கேமரா வைத்திருப்பவர்களுக்கு சிக்மா 18-50 எஃப் 2.8 இருக்கிறது, சோனி இ, ஃபுஜி எக்ஸ், கேனான் ஆர்எஃப் மவுண்டுகளில் (பாடியில் லென்ஸ் மாட்டும் இணைப்பு) கிடைக்கிறது, சுமார் 300 கிராம்தான்.

சரி, அந்த "நாளைக்கு" என்ன ஆனது? 2018இல் கேனான் ஆர்எஃப் மவுண்டையும் நிக்கான் ஸெட் மவுண்டையும் கொண்டுவந்தன. எதிர்காலத்துக்கென்று பழைய மவுண்டில் லென்ஸ் வாங்கி வைத்தவர்கள் அடாப்டரும் சேர்த்து வாங்க வேண்டியதாயிற்று. கேனானின் பழைய ஈஎஃப் மவுண்ட் லென்ஸ்கள் அடாப்டரில் நன்றாகவே வேலை செய்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் இடையில் வைட் இல்லாமல் எடுத்த கல்யாணங்கள் போனது போனதுதான். ஃபுல் ஃபிரேமுக்கு மாறும் நாளில் க்ராப் லென்ஸை விற்றுவிடலாம். நல்ல எஃப் 2.8 ஜூமுக்கு செகண்ட் ஹேண்டில் எப்போதும் ஆள் உண்டு.

தூரத்துக்கான லென்ஸ்களுக்கு இந்தக் கோபம் பொருந்தாது. 85, 70-300 எல்லாம் ஃபுல் ஃபிரேம் லென்ஸாகவே இருக்கட்டும். வேடந்தாங்கலில் 300 மி.மீ. நிக்கான் க்ராப் பாடியில் 450 போல நெருங்கிவரும். அங்கே இந்தச் சின்ன சென்சார் நமக்கு லாபம்தான்.

க்ராப் லென்ஸுக்குப் பெருக்க வேண்டாம் என்று நம்புவது

வேண்டும். லென்ஸில் எழுதியிருப்பது குவியத் தூரம். எந்த சென்சாருக்காகச் செய்தாலும் அந்த எண் மாறாது. ஒரே பாடியில் க்ராப்புக்கான ஈஎஃப்-எஸ் 24 மாட்டினாலும் ஃபுல் ஃபிரேமுக்கான ஈஎஃப் 24 மாட்டினாலும் ஒரே கோணம்தான் தெரியும். மேலே சொன்ன தவறு பாதி இந்தக் குழப்பத்திலிருந்துதான் பிறக்கிறது.

முதல் பிரைம் 50தான் என்று முடிவு செய்வது

ஜூம் இல்லாத லென்ஸைத்தான் பிரைம் என்கிறோம். அதில் 50 எஃப் 1.8 மலிவு, படமும் அழகு. ஆனால் க்ராப்பில் அது 75, 80 போல ஆகிவிடும். வீட்டு ஹாலில் நடக்கும் வளைகாப்பில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் நான்கு பேர் முழுதாக வர மாட்டார்கள். தனி ஆளை எடுக்க 50 வாங்குங்கள், தாராளமாக. வீட்டுக்குள் எடுக்க நிக்கானில் 35 எஃப் 1.8 டிஎக்ஸ், கேனானில் ஈஎஃப்-எஸ் 24 எஃப் 2.8. இந்த 24 பிஸ்கட் தடிமன்தான் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த சின்ன லென்ஸ்களில் ஒன்று.

18-300 ஒன்றே போதும் என்பது

சுற்றுலாவுக்குப் போதும். எஃப் 2.8 அளவுக்கு அது வெளிச்சத்தை உள்ளே விடாது, அதனால் மண்டப வெளிச்சத்துக்குப் போதாது.

நிக்கானில் மோட்டாரைப் பார்க்காமல் வாங்குவது

டி3500, டி5600 போன்ற பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய 50 எஃப் 1.8டி மாதிரி ஏஎஃப்-டி லென்ஸை அதில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி7500இல் மோட்டார் உண்டு. மற்றவர்கள் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸை உள்ளே பார்க்காமல் வாங்குவது

செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஈரத்தில் சாதாரணமாக வருவதுதான். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.