அருவி இல்லாத ஊரிலிருந்து அருவி எடுக்கப் போவோருக்கு

யாழ்ப்பாணத்தில் அருவி கிடையாது. இருக்கவும் வழியில்லை. கீழே சுண்ணக்கல், மேலே தட்டைத் தரை. பெய்கிற மழையில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கிக் கிணற்று நீராகிவிடும். அதனால் இங்கிருந்து போகிறவர்கள் பலர் மலைநாட்டில் இறங்கிய பிறகுதான் கமராவின் பொத்தான்களையே தடவிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் முதலில் போனேன். குடும்பத்தோடு நுவரெலியாப் பயணம், வழியில் இறம்பொடை அருவியடியில் அரை மணி நேரம், உச்சி வெயில், இருநூறு படங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தண்ணீர் இருந்த இடமெல்லாம் வெள்ளையடித்த சுவர்.

எனவே முதல் படி மலையில் இல்லை. தோட்டத்தில்.

படி 1: தொட்டியடியில் பழகுங்கள்

கிணற்றிலிருந்து மோட்டார் இறைக்கும் தண்ணீர் குழாயால் தொட்டிக்குள் விழுமே, அதுதான் உங்கள் முதல் அருவி. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் தெரிந்த தோட்டக்காரர் யாரையாவது கேளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள்.

கமராவை ட்ரைபொட்டில் (முக்காலியில்) பூட்டி, ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் அளவை, 100இல் வைத்து, ஷட்டர் வேகத்தை (ஒளி உள்ளே விழும் நேரத்தை) நீங்கள் தீர்மானிக்கும் முறைக்கு மாற்றுங்கள். சில கமராவில் அது ‘எஸ்’, சிலவற்றில் ‘டிவி’. பிறகு அதே காட்சியை 1/60, 1/8, 1/2, 2 செக்கன் என்று வரிசையாக எடுங்கள். 1/60இல் தண்ணீர் உறைந்தும் இல்லை, ஓடியும் இல்லை, ரெண்டுங்கெட்டான். 1/8இல் நூல் நூலாகப் பிரியும். 1/2இல் பட்டு மாதிரி வழியும். 2 செக்கனில் நூல் எல்லாம் கரைந்து வெறும் புகை. பலர் இந்தப் புகையைத்தான் அழகு என்கிறார்கள். எனக்கு நூல் தெரிய வேண்டும்.

மோட்டாரின் வேகம் கூடினால் 1/8 எடுத்த வேலையை 1/15 செய்துவிடும். அதாவது ‘அருவிக்கு இத்தனை செக்கன்’ என்று ஒரு கணக்கு இல்லை. விழும் தண்ணீரின் வேகமும் நீங்கள் நிற்கும் தூரமும்தான் அதைச் சொல்லும். இது கைக்கு வர இரண்டு மூன்று மாலைகள் ஆகும். அப்புறம் கீரிமலைக் கரையில் அலையை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைக்க மறக்க வேண்டாம்.

படி 2: எப்போது போவது

வெளிநாட்டுப் படங்களில் வரும் சிவப்பு இலை இங்கே இல்லை. நமக்கு இருப்பது ஐப்பசியும் கார்த்திகையும், பழந்தமிழர் கூதிர் என்று பிரித்து வைத்த பருவம். குறிஞ்சி நிலத்துக்கு அவர்கள் ஒதுக்கிய பொழுதும் அதுதான். ஒக்டோபர், நவம்பரில் மலைக்குப் போனால் காரணம் தெரியும். அருவியில் தண்ணீர் இருக்கும், பாறை கறுத்திருக்கும், மேகம் வெயிலை மூடி நிழலை மென்மையாக்கிவிடும்.

ஆனால் இந்த மாதங்களில் பின்னேரம் இடிமழை வழக்கம். வேலையைக் காலையிலேயே முடியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியால் 321 கிலோமீற்றர். அங்கிருந்து நுவரெலியா போகும் வழியில்தான் இறம்பொடை. இரவு 8 மணிக்கு வான் வெளிக்கிட்டால் விடியும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். ஏசி வானிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஈரம் படிந்து பூத்துவிடலாம். கண்டி தாண்டியதும் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடச் சொல்லுங்கள்.

படி 3: பையில் என்ன

ட்ரைபொட் கட்டாயம். காசு மிச்சம் இருந்தால் முதலில் போலரைசர் பில்டர் வாங்குங்கள். ஈரப் பாறையிலும் இலையிலும் பளபளக்கும் வெள்ளை ஒளியை அது வெட்டிவிடும், பச்சை துலங்கும். அடுத்தது என்டி பில்டர், வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. ஒரு ‘ஸ்டொப்’ என்றால் வெளிச்சம் பாதியாகும். 6 ஸ்டொப் பில்டர் வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காக்கும். 1/60 செக்கன் கிட்டத்தட்ட 1 செக்கன் ஆகும். இவை தவிர ஒரு குடை, இரண்டு மூன்று பழைய வேட்டித் துண்டுகள் (பஞ்சுத் துணிக்கு நிகர் இல்லை), காலுறையில் தேய்க்கச் சவர்க்காரம். இரத்தம் குடிக்கும் அட்டைகளுக்குத்தான்.

படி 4: இடத்தில்

இறம்பொடை அருவி 109 மீற்றர் உயரம். முழுவதையும் ஒரே படத்தில் அடக்கப் பார்த்தால் மேலே வெளுத்த வானம் வந்து கெடுக்கும். வானத்தை விட்டுவிடுங்கள். ஒரு பாறை, அதில் இரண்டாகப் பிரியும் தண்ணீர், பக்கத்தில் ஒரு கிளை. அது போதும்.

பாலத்தின் மேல் ட்ரைபொட் வைக்காதீர்கள். லொறி ஒன்று போனால் பாலம் அதிரும், படம் கலங்கும். எனக்கு அப்படி ஒரு காலை முழுக்க வீணாகியிருக்கிறது. சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது.

இனி ஒழுங்கு: காட்சியை அமைத்து, போகஸ் செய்து, போகஸைக் கையால் பூட்டுங்கள். அதன் பிறகே என்டி பில்டரைப் போடுங்கள். இருட்டில் கமரா தானாகப் போகஸ் தேடித் தடுமாறும். ஐஎஸ்ஓ 100, லென்ஸின் துவாரம் எஃப்/8 அல்லது எஃப்/11 (எண் கூடினால் துவாரம் சிறுக்கும்). எஃப்/22 வரை போனால் ஷட்டர் நீளும், ஆனால் படத்தின் கூர்மை குறையும். 1/4 செக்கனில் தொடங்கி, தொட்டியடியில் செய்தது போலவே மேலும் கீழும் போய்ப் பாருங்கள். 2 செக்கன் டைமரில் விடுங்கள், விரல் பட்டும் ஆடும். ரோ (RAW) கோப்பாக, அதாவது கமரா திருத்தாத மூலக் கோப்பாகச் சேமியுங்கள்.

ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஹிஸ்டோகிராமின் (திரையில் வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் வரைபடத்தின்) வலது ஓரத்தைப் பாருங்கள். மேடு அங்கே முட்டி நின்றால் தண்ணீர் வெளுத்துவிட்டது, வெளிச்சத்தைக் குறையுங்கள். லென்ஸில் சாரல் துளியும் பாருங்கள்.

கைத்தொலைபேசிதான் இருக்கிறதா? ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்துப் பிறகு லோங் எக்ஸ்போஷராக மாற்றலாம். வேறு போன்களில் ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் ப்ரோ முறை இருந்தால் 1/4 செக்கன் வையுங்கள். எதுவானாலும் போன் அசையக் கூடாது.

படி 5: தண்ணீர் நிறம் மாறினால்

தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் பால் தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறுகிறதா, சத்தம் கூடுகிறதா? மேலே எங்கோ மழை. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் சரி, ட்ரைபொட்டைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஏறுங்கள். பாசிப் பாறையில் ஒரு அடி கூட முன்னே வைக்க வேண்டாம்.

படி 6: வீட்டில்

நிழலில் எடுத்த தண்ணீர் நீலம் பாய்ந்திருக்கும். கணினியில் வெண் சமநிலையை (வைற் பலன்ஸை) கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள், கொஞ்சம்தான். தேயிலைச் செடியைச் செம்மஞ்சளாக்கி ‘இலையுதிர் காலம்’ என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள்; மலைநாட்டில் வளர்ந்த ஒருவர் பார்த்தால் சிரிப்பார். ட்ரைபொட்டின் கால்களை முழுதாக நீட்டி ஒரு இரவு காய விடுங்கள். சப்பாத்தையும் உதறிப் பாருங்கள். எனக்கு ஒரு அட்டை யாழ்ப்பாணம் வரைக்கும் வந்தது.