கிளவுடுக்கு அனுப்பும் முன் 10 வினாடி சோதனை

வீடியோவின் அளவைக் குறைப்பது, வடிவம் மாற்றுவது, சிறுபடம் (தம்ப்நெய்ல்) எடுப்பது போன்ற வேலைகளைக் கிளவுட் சேவையிடம் ஒப்படைக்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் கணினியிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச மென்பொருள் போதும். பல சேவைகள் நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. தவறான அமைப்போடு முழு வீடியோவையும் ஏற்றினால் காசும் போகும், நேரமும் போகும்.

மூல வீடியோவிலிருந்து 10 வினாடி மட்டும் வெட்டி, கிளவுடில் தரப்போகும் அதே கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), பிட்ரேட் (ஒரு வினாடி வீடியோவுக்கு ஒதுக்கும் தரவின் அளவு), பிரேம் அளவோடு (படத்தின் அகலமும் உயரமும்) மாற்றுங்கள். அசைவு அதிகமுள்ள இடமாகப் பார்த்து வெட்டுவது முக்கியம். அசையாமல் பேசும் முகம் குறைந்த பிட்ரேட்டிலும் நன்றாகவே தெரியும். ஓடும் தண்ணீரும் ஆடும் இலைகளும்தான் கட்டம் கட்டமாக உடைந்து காட்டிக்கொடுக்கும்.

செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ ஒன்றையும் கட்டாயம் சேருங்கள். பல போன்கள் படத்தைக் கிடைமட்டமாகவே பதிந்து, ‘90 டிகிரி திருப்பு’ என்ற குறிப்பை மட்டும் கோப்பில் வைக்கின்றன. அதைக் கவனிக்காத நிரலில் சிறுபடம் சாய்ந்து வரும். எஃப்எஃப்எம்பெக்கோடு கூடவே வரும் எஃப்எஃப்புரோப் என்ற கருவி இந்தக் குறிப்பைக் காட்டிவிடும்.

அப்புறம், கணினியில் சரியாக வந்த அதே 10 வினாடியைக் கிளவுடுக்கும் அனுப்பி ஒப்பிடுங்கள். அங்குள்ள என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் நிரல்) வேறாக இருக்கலாம்.