ஜிகேம் போடும் முன் பார்க்க வேண்டியவை: வேறு கேமரா ஆப்களில் நாம் செய்யும் தவறுகள்

நண்பரின் போனில் அருமையாகப் படம் எடுக்கும் அதே கேமரா ஆப், நம் போனில் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. சில போன்களில் திறக்கும், ஆனால் முகமெல்லாம் பச்சை பூத்து வரும். ஆப் சரியில்லை என்று இன்னொன்றை இறக்குகிறோம். அதுவும் சரிப்படாமல் மூன்றாவதைத் தேடுகிறோம். பல போன்களில் ஜிகேம் போர்ட்களை (கூகுளின் கேமரா ஆப்பை மற்ற போன்களுக்காகப் பிறர் திருத்திய வடிவங்கள், மோட் என்றும் சொல்வார்கள்) போட்டுப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம் போனைச் செய்த நிறுவனம் கேமராவின் எந்தெந்தக் கதவை வெளி ஆப்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது என்று பார்க்காமல் ஏபிகே என்ற ஆப் ஃபைலை இறக்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்து கிளைத்தவை.

ஜிகேம் என்பது கூகுள் தன் சொந்த போன்களுக்காக எழுதிய ஆப். 2023இல் பிக்சல் கேமரா என்று பெயர் மாற்றினார்கள், நம் வாயில் இன்னும் ஜிகேம்தான். நாம் ஷட்டரை ஒருமுறை அழுத்தினால் அது பல படங்களை எடுக்கிறது. வானம் வெளுத்துப் போகாதபடி வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, அடுத்தடுத்த படங்களை சென்சாரிலிருந்து பதப்படுத்தாத ரா வடிவில் வாங்கி, ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தி, நாய்ஸை, அதாவது படத்தில் தெரியும் புள்ளிகளை, குறைத்து ஒரே படமாகத் தருகிறது. எச்டிஆர் பிளஸ் என்பது இதுதான். 2018இல் வந்த நைட் சைட்டும் இந்த வழியில் வளர்ந்ததுதான். அப்படியானால் போன் இரண்டு விஷயங்களுக்கு இடம் கொடுக்க வேண்டும்: ஒவ்வொரு படத்துக்கும் எக்ஸ்போஷரை (உள்ளே விடும் வெளிச்ச அளவை) ஆப் தனித்தனியாக வைக்க முடிய வேண்டும், ரா படம் கைக்கு வர வேண்டும்.

ஆப்கள் கேமராவிடம் இதையெல்லாம் கேட்டு வாங்கும் வழிதான் 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 உடன் வந்த கேமரா2 ஏபிஐ. எல்லா போனிலும் அது ஒரே அளவில் இருப்பதில்லை. லெகஸி, லிமிடெட், ஃபுல், லெவல் 3 என்று கீழிருந்து மேலாகப் படிகள் உண்டு. ப்ளே ஸ்டோரில் 'கேமரா2 ஏபிஐ ப்ரோப்' என்று ஓர் ஆப் இருக்கிறது. அதைத் திறந்தால் உங்கள் போன் எந்தப் படியில் நிற்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அங்கேயும் ஒரு தவறு நடக்கிறது. மேலே 'ஃபுல்' என்று பார்த்ததும் பலர் மூடிவிடுகிறார்கள். ரா வசதி அதில் சேர்த்தியில்லை, தனி வரியாக இருக்கும், அதையும் பாருங்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பின் கேமரா லெவல் 3 ஆக இருக்க, செல்ஃபி கேமரா லிமிடெட்டில் நிற்கலாம். லிமிடெட் போன்களிலும் சில சமயம் ஏதாவது ஒரு மோட் ஓடிவிடும். லெகஸி என்று காட்டினால் ஜிகேமில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

லெகஸி என்று தெரிந்ததும் சிலர் ரூட் செய்ய, அதாவது போனின் சிஸ்டத்தையே மாற்றும் உரிமையை எடுக்க, கிளம்புகிறார்கள். பழைய குவால்காம் போன்கள் சிலவற்றில் பில்ட்.ப்ராப் என்ற சிஸ்டம் ஃபைலில் ஒரு வரி சேர்த்து கேமரா2வை எழுப்ப முடிந்தது உண்மைதான். உள்ளே அந்த வசதி ஏற்கெனவே இருந்து, நிறுவனம் அணைத்து வைத்திருந்த போன்களில்தான் அது நடந்தது. இல்லாததை ஒரு வரியால் வரவழைக்க முடியாது. ரூட் செய்யப் பெரும்பாலும் முதலில் பூட்லோடர் என்ற சிஸ்டத்தின் பூட்டைத் திறக்க வேண்டும். அதைத் திறந்தால் போனில் இருக்கும் எல்லாம் அழியும், வங்கி ஆப்கள் பலவும் அதன் பிறகு திறக்க மறுக்கும். 2021இல் வந்த சாம்சங் கேலக்ஸி இசட் ஃபோல்டு 3இல், பூட்லோடரைத் திறந்தவர்களுக்குக் கேமராக்களே வேலை செய்யாமல் போயின. நல்ல படத்துக்காக இந்த அளவுக்குப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்படிப்பட்ட போனில் ஓப்பன் கேமரா போன்ற ஆப் போதும், பழைய ஏபிஐயிலும் அது ஓடும். கேமரா2 உள்ள போனில் அதைப் போடுபவர்கள் செட்டிங்ஸில் 'கேமரா ஏபிஐ' எதில் இருக்கிறது என்று பாருங்கள். பழையதிலேயே இருந்தால் கேமரா2வுக்கு மாற்றுங்கள். அதைச் செய்யாமலே "இதில் மேனுவல் ஃபோகஸ் இல்லை" என்று ஆப்பை நீக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஜிகேம் ஓடுகிறது, நிறம்தான் சரியில்லை. இதற்கும் காரணம் உண்டு. எது கறுப்பு, எவ்வளவு நாய்ஸ் வரும், நிறங்களை எப்படி மாற்ற வேண்டும் என்ற கணக்கெல்லாம் சென்சாருக்கு சென்சார் வேறுபடும். ஆப் பிக்சலின் கணக்கோடு வருகிறது. அதை நம் போனுக்கு ஏற்பத் திருத்தத்தான் கான்ஃபிக் ஃபைல். ஒரு மோடுக்கு எழுதிய கான்ஃபிக் இன்னொரு மோடில் சரியாக வேலை செய்யாது. அதே மோடின் வேறு வெர்ஷனில்கூடச் சொதப்பும். போனின் பெயரை மட்டும் பார்த்து இறக்குவது இன்னொரு தவறு. கேலக்ஸி எஸ்21 அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் 888 சிப்போடும் இந்தியாவில் எக்ஸினோஸ் 2100 சிப்போடும் விற்றது. பெட்டியில் ஒரே பெயர், உள்ளே படத்தைக் கையாளும் சிப் வேறு. ஒன்றின் கான்ஃபிக்கை மற்றதில் போட்டு நல்ல படத்தை எதிர்பார்க்க முடியாது.

அக்கா மகளின் காதுகுத்துக்கு முந்தின இரவு நான் புது கான்ஃபிக் ஒன்றை ஏற்றினேன். வீட்டு மாடியில் எடுத்த இரண்டு படமும் நன்றாக வந்தன. மறுநாள் மண்டபத்து விளக்கில் எடுத்த அத்தனையிலும் குழந்தையின் முகத்தில் ஊதா படர்ந்திருந்தது. நல்ல வேளை, பக்கத்திலிருந்த மாமா தன் போனோடு வந்த கேமராவிலேயே எடுத்து வைத்திருந்தார். ஒரு வாரமாவது பகல், டியூப்லைட், இரவுத் தெரு, ஓடும் குழந்தை என்று எல்லாவற்றிலும் எடுத்துப் பார்க்காத செட்டிங்கோடு வீட்டு விசேஷத்துக்குப் போகாதீர்கள். திரும்ப எடுக்க முடியாத படங்கள் அவை.

அல்ட்ரா வைட், ஜூம் லென்ஸ்கள் காணாமல் போவது அடுத்த பெரிய புகார். ஆப்பின் உள்பெயரை (சிஸ்டம் ஆப்பை அடையாளம் காணும் பெயர்) பார்த்துத்தான் சில போன்கள் கூடுதல் லென்ஸ்களைக் காட்டுகின்றன. நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதில் பெயர் இல்லாத ஆப்புக்கு முதன்மைக் கேமராவும் செல்ஃபியும் மட்டுமே தெரியும். அதனால்தான் போர்ட் செய்பவர்கள் ஒரே வெர்ஷனை 'ஸ்னாப்', 'ஸ்கேன்3டி', 'ரூலர்' என்று பல பெயர்களில் வெளியிடுகிறார்கள். உள்ளே எல்லாம் ஒரே ஆப்தான். கடைசி இரண்டும் சாம்சங் தன் ஆப்களுக்கு வைத்த உள்பெயர்கள், அந்தப் பெயரில் போனால் சாம்சங் போன் கதவைத் திறக்கும். இது தெரியாமல், இறக்கும் பக்கத்தில் கடைசியில் இருப்பதுதான் புதியது என்று நினைத்து எதையோ இறக்கிவிட்டு, லென்ஸ் கெட்டுவிட்டது என்று பயந்தவர்கள் உண்டு. வேறு பெயர் ஏபிகேயைப் போட்டுப் பாருங்கள்.

108 மெகாபிக்சல் போனில் ஏன் 12 மெகாபிக்சல் படம்தான் வருகிறது என்றும் கேட்கிறார்கள். அந்த சென்சார் ஒன்பது பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது, வெளி ஆப்புக்குப் பெரும்பாலும் அது மட்டுமே கிடைக்கும். முழு அளவு வேண்டுமென்றால் போனோடு வந்த கேமராவைத் திறங்கள். வீடியோவுக்கும் அதையே சொல்வேன். 60 ஃப்ரேம் வேகம், நடுக்கம் குறைக்கும் வசதி இரண்டையும் பல போன்கள் தங்கள் சொந்த ஆப்புக்கே வைத்துக்கொள்கின்றன. ஆகவே பழைய கேமரா ஆப்பை முடக்கிவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு 11இலிருந்து, வேறோர் ஆப் "ஒரு படம் எடுத்துத் தா" என்று கேட்டால் போனோடு வந்த கேமராதான் திறக்கும். நீங்கள் போட்ட ஆப் அந்த இடத்துக்கு வராதது பழுதில்லை.

'ஆப் இன்ஸ்டால் ஆகவில்லை' என்று வந்தால் மூன்றைப் பாருங்கள்: அதே உள்பெயரில் வேறொருவர் செய்த மோட் ஏற்கெனவே இருக்கிறதா, உங்கள் ஆண்ட்ராய்டு அந்த வெர்ஷனுக்குப் பழையதா, போன் 32 பிட்டா. தடுக்கிறதே என்று கூகுளின் பாதுகாப்புச் சோதனையான ப்ளே ப்ரொடெக்ட்டை அணைக்க வேண்டாம். இவை கூகுள் கையெழுத்திட்ட ஆப்கள் இல்லை, யாரோ திருத்திக் கட்டியவை. டெலிகிராமில் ஃபார்வர்டாக வந்த ஏபிகேயை நான் தொடுவதே இல்லை. கேமரா ஆப் எஸ்எம்எஸ், கான்டாக்ட் அனுமதி கேட்டால் அந்த நொடியே நீக்கிவிடுங்கள். ஓடிபி வரும் போன் அது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது போனின் அப்டேட்டுக்குப் பிறகு நின்று போகலாம். வேலை செய்த ஏபிகேயையும் கான்ஃபிக்கையும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம், படம் எடுத்ததும் ஆப்பை மூடித் தள்ளும் பழக்கம். ஜிகேம் படங்களைச் சேர்க்கும் வேலையை ஷட்டருக்குப் பிறகுதான் பின்னணியில் செய்கிறது. சாதாரண போனில் அதற்குப் பல நொடிகள் ஆகும். பேட்டரி சேமிப்பு கடுமையாக இருக்கும் போன்கள் அந்த வேலையைப் பாதியில் நிறுத்திவிடும், படம் கேலரியில் வராமலே போகும். பேட்டரி செட்டிங்ஸில் இந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஓரத்துச் சின்னப் படத்தைச் சுற்றும் வட்டம் முடியும்வரை போனைக் கையில் வைத்திருங்கள்.