பழைய காரில் ஒறிஜினல் பாகம் எது? நாங்கள் விடுகிற பிழைகள்

முதல் பிழை, கார் வந்து சேர்ந்த அன்றே ஸ்பானரும் கையுமாக இறங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். மல்லாவியில் மாமா வீட்டுக் கொட்டிலுக்குள் கிடந்த மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் கார், 2009க்குப் பிறகு மீளக்குடியேறப் போனபோது கதவும் இல்லை, சீற்றும் இல்லை, வெறும் கோதாக நின்றது. அதைக் கிளிநொச்சிக்கு ஏற்றி வந்து, ஒரே பின்னேரத்தில் பொனற்றுக்குக் கீழே இருந்ததையெல்லாம் கழட்டி யூரியாப் பை ஒன்றுக்குள் போட்டுவிட்டேன். எந்த போல்ற் எந்த ஓட்டைக்குள் இருந்தது, எந்த வயர் எதன் பின்னால் போனது, ஒன்றும் எழுதவில்லை, ஒரு படம்கூட எடுக்கவில்லை. போனில் இருபது படம் எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்தப் பையைக் கொட்டி இனம் பிரிக்க எனக்கு ஒரு மாதம் போனது.

அப்புறம், நம்பர் தகட்டை நம்புவது. இலங்கையில் ஸ்ரீ எழுத்துத் தகடு 1957இல் வந்தது, ஆகவே கார் அதற்குப் பிந்தியதுதான் என்று ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். அது பதிந்த காலம், செய்த காலம் இல்லை. காரையே பாருங்கள். முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் அது 1956க்கு முந்திய மைனர், ஒரே வளைந்த கண்ணாடி என்றால் பிந்திய மொடலான மைனர் 1000. கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணில் நீளமாகத் தகரம் வைத்து அடைத்த அடையாளம் தெரிந்தால், அங்கே திரும்பும்போது வெளியே நீட்டுகிற கை போன்ற சிக்னல் விளக்கு இருந்திருக்கிறது. 1961 அளவில்தான் அது போய் மினுங்குகிற சிக்னல் வந்தது. அந்த அடைப்பை மட்டம் தட்டிப் பெயின்ற் அடித்துவிட்டால் நல்ல சாட்சி ஒன்று போய்விடும்.

வன்னியில் எங்களுக்கு இன்னொரு பழக்கம் இருக்கிறது, ஒட்டு எதைக் கண்டாலும் "இது யாரோ சண்டை நேரத்தில் வெல்ட் பண்ணினது" என்று முடிவு கட்டுவது. பெரும்பாலும் சரிதான், என் காரின் வலது மட்காட்டில் ஷெல் துண்டு போன ஓட்டையைப் பால்மா ரின் தகரத்தால்தான் அடைத்திருந்தார்கள். ஆனால் 1948இல் வந்த முதல் மைனர்களின் பம்பர் நடுவில் ஒரு ஒட்டுத் துண்டு இருக்கும். அது திருத்தம் இல்லை, தொழிற்சாலையிலேயே வைத்தது. காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்குக் கடைசி நேரத்தில் அது ஒடுக்கமாகப் பட்டதால் நான்கு அங்குலம் அகலப்படுத்தச் சொன்னார், பம்பர்களை அதற்குள் செய்து முடித்திருந்ததால் வெட்டி நடுவில் துண்டு வைத்தார்கள். பொனற்றின் நடுவில் ஓடும் அந்தத் தட்டைப் பட்டையும் அதே நான்கு அங்குலக் கதைதான். ஒட்டுப் போட்ட பம்பர் என்று பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டு, ஒட்டில்லாத பிந்திய பம்பரைக் காசு கொடுத்து வாங்கிப் பூட்டின ஒருவரை எனக்குத் தெரியும். பாவம், இப்போதும் அதை மினுக்கிக்கொண்டிருக்கிறார்.

பெட்டியில் லூகாஸ் என்று, அதாவது இந்தக் கார்களுக்கு மின் பாகங்கள் செய்த கம்பனியின் பெயர், எழுதியிருந்தால் ஒறிஜினல் என்று நினைப்பது அடுத்தது. பெட்டியை விடுங்கள், பாகத்தைத் துடைத்துப் பாருங்கள். பழைய லூகாஸ் டைனமோ, டிஸ்ரிபியூற்றர் எல்லாவற்றிலும் உலோகத்திலேயே பாக இலக்கத்தோடு மாதமும் வருடமும் குத்தியிருக்கும். '3 62' என்றால் 1962 மார்ச். காரைவிடப் பாகம் சில மாதம் மூத்தது என்றால் நல்லது, ஐந்து வருடம் இளையது என்றால் பிறகு மாற்றியது. இதைத் துடைக்க மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷ்ஷும் போதும். வயர் பிரஷ் போட்டால் இலக்கமும் சேர்ந்து போகும்.

போல்ற்றுக்கும் இதே கவனம் வேண்டும். மைனர் 1000இன் எஞ்சின் போல்ற் அங்குல அளவு. அரை அங்குலத் தலைக்குப் பதின்மூன்றாம் நம்பர் (13 மில்லிமீற்றர்) ஸ்பானர் ஓரளவுக்குப் பிடிக்கும், ஆனால் 0.3 மில்லிமீற்றர் தளர்வு, இறுகின போல்ற்றின் மூலையை வழித்துவிடும். மாறாகப் பன்னிரண்டாம் நம்பர் கச்சிதமாக உட்கார்ந்தால் அது ஜப்பான் வாகனத்துப் போல்ற். அது பிடித்திருக்கும் பாகத்தையும் சந்தேகியுங்கள்.

பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற எஸ்யூ காபரேற்றரில் மேலே இருக்கும் கிண்ணமும் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்ரனும் சோடியாகப் பொருத்தப்பட்டவை, இரண்டு மூன்று காபரேற்றரை ஒன்றாகக் கழுவி மாறிப் பூட்டினால் பிஸ்ரன் இறுகும். எங்கள் பக்கத்துக் காபரேற்றர்களில் இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். சண்டைக்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின, ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல். அதற்காக ஜெற்றை, அதாவது எண்ணெய் வருகிற சின்னத் துவாரத்தை, பெருப்பித்திருப்பார்கள், சின்னப் பெற்றோல் போத்தல் மாட்ட எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் இரண்டு ஓட்டை போட்டிருப்பார்கள். என் காரில் சேலைன் குழாய் ஒன்றே கிடந்தது. ஜெற்றை மாற்றத்தான் வேண்டும், பெற்றோலுக்கு அது சரிவராது. அந்த ஓட்டைகளை நான் அடைக்கவில்லை, சேலைன் குழாயையும் வைத்திருக்கிறேன். ஒறிஜினல் இல்லைத்தான். ஆனால் அதையும் குப்பை என்று எறிவது பெரிய பிழை என்பது என் எண்ணம்.

பெயின்ற்றை முழுக்க உரித்துவிட்டு நிறத்தைத் தேடாதீர்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால், கதவு றப்பருக்குக் கீழே முதல் நிறம் இருக்கும்.

கடைசியாக எஞ்சின். "வாங்கின நாளிலிருந்து எஞ்சின் மாத்தேல்லைத் தம்பி" என்று மாமா சத்தியம் பண்ணுவார். பார்வைக்கும் அப்படியே மைனர் எஞ்சின்தான். எஞ்சின் புளொக்கில் அறைந்திருக்கும் சின்னத் தகட்டைத் துடைத்தேன். 948 சிசி மைனர் எஞ்சின் இலக்கம் பெரும்பாலும் 9எம் என்று தொடங்கும், 1098 சிசி என்றால் 10எம்ஏ. என்னுடையது 9ஏ, அதாவது ஒஸ்ரின் ஏ35இலிருந்து வந்தது, இரண்டும் ஒரே குடும்ப எஞ்சின் என்பதால் பூட்டினவருக்குச் சிரமமே இருந்திருக்காது. வாகனப் புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் இலக்கத்தோடு ஒத்துப் பார்த்தேன், அதிலும் 9ஏதான். மாமாவுக்கு முதல் வைத்திருந்தவர் மாற்றி முறையாகப் பதிந்தும் இருக்கிறார். மாமா சொன்னது பொய்யில்லை, அவர் வாங்கின நாளிலிருந்து மாற்றவில்லை. அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.