புதிதாகத் திறந்த ஸ்டேக் கடையில் ஏமாறாமல் சாப்பிட

தஞ்சாவூரிலோ திருச்சி தில்லை நகரிலோ புதிதாக ஸ்டேக் (கனமான கறித்துண்டைச் சூடான கல்லில் வாட்டித் தருவது) கடை திறந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே போகாதீர்கள். கூட்டத்தில் ஒரே கல்லில் துண்டுகளை நெருக்கிப் போடுவார்கள். சூடு இறங்கி, கறி வறுபடாமல் தன் தண்ணீரிலேயே வேகும். மேலே பழுப்பு ஏறாமல் சாம்பல் நிறத்தில் வருவது இதனால்தான். வெள்ளி, அமாவாசை என்று நம் பக்கம் கறி ஓடாத நாட்கள் நிறைய. அடுத்த நாள் தேங்கிய சரக்கு வர வாய்ப்புண்டு. வியாழன் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் போகலாம். புரட்டாசியில் போகவே வேண்டாம்.

உட்கார்ந்ததும் என்ன கறி, எந்தப் பகுதி, எவ்வளவு கனம் என்று கேளுங்கள். மெனுவில் வெறுமனே 'ஸ்டேக்' என்றிருந்தால் பெரும்பாலும் எருமைக்கறிதான். அது தப்பில்லை, ஆனால் கொழுப்பு குறைவு. மாட்டிறைச்சி இறக்குமதிக்கு இந்தியாவில் தடை உண்டு. 'வாக்யூ' (கொழுப்பு ஊடுருவிய ஜப்பானிய மாட்டிறைச்சி) என்று போட்டு விலை ஏற்றியிருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். முதுகெலும்புக்கு உட்பக்கம் இருக்கும் அண்டர்கட் அதிகம் வேலை செய்யாத தசை, அதனால் மெத்தென்றிருக்கும். தொடைக்கறியை ஸ்டேக்காகப் போட்டு மிளகு சாஸால் மூடுகிற கடைகளும் உண்டு. கனம் ஓர் அங்குலமாவது வேண்டும். மெல்லிய துண்டில் மேலே நிறம் ஏறுவதற்குள் உள்ளே முழுக்க வெந்துவிடும். மெனுவில் போட்டிருப்பது பச்சைக்கறி எடை. 250 கிராம் தட்டுக்கு வரும்போது 200 கிராம் அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

பதம்தான் முக்கியம். மீடியம் ரேர் (உள்ளே சிவப்பாக இருக்கும் அரைவேக்காடு) என்றால் நடுப்பகுதி சுமார் 55 டிகிரி செல்சியஸ், மீடியம் (உள்ளே இளஞ்சிவப்பு) 60 முதல் 63, வெல்டன் (முழு வேக்காடு) 70-க்கு மேல். கொழுப்பில்லாத எருமைக்கறிக்கு மீடியம் போதும். அதற்கு மேல் போனால் தசைநார் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்துவிடும், கறி ரப்பர்தான். தட்டில் கசியும் சிவப்பு நீர் ரத்தமல்ல, மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கலந்த தசைநீர். முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், கல் சூட்டில் செத்துவிடும். மிருதுவாக்க ஊசியால் குத்திய கறி என்றால் கிருமி உள்ளே போயிருக்கும், கொத்துக்கறியும் அப்படித்தான். இரண்டையும் முழுக்க வேகவைத்தே சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் எந்தக் கறியானாலும் வெல்டன்தான். மெத்தென்று வேண்டுமானால் அவர்களுக்குக் குழம்பாக ஏதாவது சொல்லுங்கள்.

புகை பறக்கும் இரும்புத் தட்டு வேண்டாமென்று சொல்லுங்கள். பார்க்க ஜோர்தான், ஆனால் மீடியம் கேட்ட கறி நீங்கள் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் வெல்டன் ஆகிவிடும். சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள்.

தட்டு வந்ததும் நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். நீர் குளமாகத் தேங்கினால் கல்லிலிருந்து எடுத்ததும் ஆறவிடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். நான்கைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். வேகாவிட்டால் திரும்ப அடுப்பில் போடலாம். அதிகம் வெந்ததைச் சரிசெய்ய முடியாது, வேறு துண்டுதான் கேட்க வேண்டும். பாதி சாப்பிட்டபின் கேட்டால் நடக்காது. நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, ஒவ்வொரு வாயாக வெட்டுங்கள். மொத்தமாக நறுக்கி வைத்தால் ஆறி இறுகும்.

பில்லில், தங்கும் விடுதிக்குள் இல்லாத தனிக் கடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை. போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம்.