மரச்சில்லு வணிகத்தை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் முறை

தில்லியில் பொருளியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் சிலர், காகித ஆலைகள் 'சிப்ஸ்' என்று வாங்கும் மரச்சில்லுகளை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டு, வியட்நாமும் ஆஸ்திரேலியாவும் ஏற்றுமதி செய்த டன்களை அருகருகே எழுதியதுமே முடிவையும் எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டு டன்களும் ஒரே டன்தானா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தரவு எடுக்க, ஐ.நா.வின் பன்னாட்டு வணிகப் புள்ளிவிவரத் தளமான யு.என். காம்ட்ரேட்டே போதும். சுங்க வகைப்பாட்டில் 4401.21 என்பது ஊசியிலை மரச்சில்லு; 4401.22 என்பது வேலமரம், தைலமரம் போன்ற பிற மரங்களின் சில்லு. வியட்நாமிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் செல்வது பெரும்பாலும் வேலமர வகைச் சில்லு. ஆஸ்திரேலியாவோ இரு வகையையும் அனுப்புகிறது. ஆகவே, நான்கு இலக்கத்தில் 4401 என்று மட்டும் தேடினால் விறகும், மரத்தூளும், எரிபொருளுக்கான பெல்லட்டும் சேர்ந்து வந்து கணக்கைக் கெடுக்கும்.

அடுத்தது ஈரம், அதிகக் கவனம் இங்கேதான் தேவை. சவுக்குத் தோப்பு வைத்திருக்கும் கடலூர் விவசாயியைக் கேட்டால், வெட்டிய மரம் எடை மேடைக்குப் போகத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் மரம் காய்ந்து எடை குறைவதால் தமக்கு நட்டம் என்பார். சில்லுக்கும் அதே கதைதான். அதனால்தான் பன்னாட்டு ஒப்பந்தங்களில் ஈரத்தை முழுவதும் கழித்த 'போன் ட்ரை டன்' என்ற அளவு வழங்குகிறது. அமெரிக்க வணிகத்தில் 2,400 பவுண்டு, அதாவது சுமார் 1,089 கிலோ உலர் எடை கொண்ட 'போன் ட்ரை யூனிட்' என்னும் அலகும் உண்டு. அதை டன் என்று எடுத்துக்கொண்டால் ஒன்பது விழுக்காடு பிழை நேரும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 50 விழுக்காடு ஈரமுள்ள சில்லு டன்னுக்கு 100 டாலர், 20 விழுக்காடு ஈரமுள்ளது 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உலர் டன்னுக்கு முன்னது 200 டாலர், பின்னது 187.50 டாலர், மலிவாகத் தெரிந்ததே விலை கூடியது. உணவு வேளாண் அமைப்பின் ஃபாவோஸ்டாட் தளம் சில்லைக் கன மீட்டரில் தருவதால், அந்த எண்களை எடை எண்களோடு நேரடியாகக் கலக்க வேண்டாம்.

விலையிலும் ஒரு பொறி உண்டு. ஏற்றுமதி நாடு பெரும்பாலும் கப்பலில் ஏற்றும் வரையிலான மதிப்பையும், இறக்குமதி நாடு சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்பையும் பதிவு செய்கின்றன. சில்லு எடைக்கு அதிக இடத்தை அடைக்கும் சரக்கு என்பதால், அதற்கெனப் பெரிய அறைகள் கொண்ட தனிக் கப்பல்கள் கட்டப்படுகின்றன. எனவே கட்டணத்தின் பங்கு விலையில் கணிசமாக இருக்கும். ஒரே வணிகத்தை இரு நாடுகளும் சொல்லும் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதிப்பில் உள்ள இடைவெளிக்குக் கட்டணம் காரணமாகலாம். எடையிலும் இடைவெளி பெரிதாக இருந்தால், ஒரு தரப்பு உலர் எடையைப் பதிந்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும்.

இந்தியாவைச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு சொல்: தில்லியிலுள்ள வணிக அமைச்சகத்தின் தரவு வங்கி தரும் ஆண்டுக் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவது. காம்ட்ரேட்டின் ஆண்டோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. மாதவாரி எண்களைக் கூட்டி இரண்டையும் ஒரே காலத்துக்குக் கொண்டுவந்த பிறகு, அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் எந்த நாட்டின் பதிவு, ஈரத்தோடு சேர்ந்த பச்சை எடையா உலர் எடையா, கப்பல் கட்டணம் சேர்ந்ததா என்ற மூன்றையும் தனிக் கட்டங்களில் குறித்துவிடுங்கள்.