வரையாட்டுக்கு மேலே இடமில்லை

மூணாறு பக்கத்து ராஜமலைக்கு வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டாடான வரையாட்டைப் பார்த்துப் போகிற சொந்தக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே என்னிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். "சூடு கூடினா இதுக்கு என்ன தம்பி, மலையேறுற ஆடு. இன்னும் கொஞ்சம் மேல போயிடும்." மூணாறு எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். காலநிலை மாற்றத்தை மனதில் வைத்து ஒரு விலங்கைக் காக்கத் திட்டம் போடும்போது நேர்கிற முதல் தவறே இதுதான்.

கணக்கைப் பாருங்கள். மலையில் 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அப்படியானால் ஊர் 2 டிகிரி சூடானால், பழைய குளிர்ச்சியைத் தேடி 300 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். ராஜமலை அடங்கிய இரவிகுளம் தேசியப் பூங்காவில் ஆடுகள் மேயும் மேட்டுநிலம் இப்போதே 2000 மீட்டரை ஒட்டி இருக்கிறது. தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனமுடி 2695 மீட்டர். அதற்கு மேல் வானம்தான். மலை கோபுரம் மாதிரி. ஏற ஏற அகலம் குறையும். கலசத்தில் எத்தனை ஆடு மேயும்?

உயரம் மட்டும் இருந்தாலும் வரையாட்டுக்குப் போதாது. மேய்ச்சலுக்குப் புல்லும், சிறுத்தையோ செந்நாயோ வந்தால் ஓடி ஒளியச் செங்குத்துப் பாறையும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். வருங்காலக் காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் வெப்பத்தையும் மழையையும் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்துச் சராசரி போடுகின்றன. ஒரே கட்டத்துக்குள் வெயில் சுடும் சரிவும் நிழல் விழும் பாறை இடுக்கும் சேர்ந்தே கிடக்கும். சராசரியில் அந்த இடுக்கு காணாமல் போய்விடும். ஆடு நிற்பதோ அங்கேதான். இதே வரையாடு தெற்கே தாழ்வான பாறைக் குன்றுகளிலும் சிறு சிறு கூட்டமாக வாழ்கிறது. வரைபடத்தில் 'தகுதியற்ற இடம்' என்று நிறம் பூசி அவற்றைக் கைவிட்டால், வெயிலைச் சமாளிக்கத் தெரிந்த கூட்டத்தையே இழந்துவிடுவோம்.

அடுத்த தவறு என் கையாலேயே நடந்தது. பள்ளியில் மரம் நடு விழா. புல்மேட்டில் வரிசையாகக் குழி தோண்டி, ஆளுக்கு ஒரு கன்று வைத்தோம். பூமி குளிரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அவ்வளவு ஆசையாக நட்டேன். சோலைக்காடு பள்ளத்தில், புல்வெளி மேட்டில் என்பது இந்த மலையின் பழைய அமைப்பு. புல்வெளியை 'வெறும் தரிசு' என்று நினைத்துத்தான் வெள்ளைக்காரன் காலம் தொட்டுச் சீகை (வாட்டில்) மரமும் யூக்காலியும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். சீகை நட்ட இடத்தோடு நிற்காமல் தானே பரவும். அதன் நிழலில் புல் சாகும். ஜனவரி உறைபனி இளங்கன்றுகளைக் கருக்கி மரத்தைப் புல்வெளிக்குள் விடாமல் தடுக்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பனி குறையக் குறைய அந்தக் காவலும் தளரும். ஆகவே இங்கே காலநிலைத் திட்டம் என்றால், பல இடங்களில் மரத்தை எடுப்பதும் அதில் சேரும். கேட்கக் கசக்கும், ஆனால் புல் இல்லாமல் வரையாடு இல்லை.

நெருப்பு விஷயமும் இப்படித்தான். எல்லாத் தீயும் கெட்டது என்று மொத்தமாகத் தடுத்தால், காய்ந்த புல் வருடக்கணக்கில் சேர்ந்து ஒரே நாளில் பெருந்தீயாகும். இரவிகுளத்தில் முதுவர் பழங்குடியினர் காலம் பார்த்து, காற்றுப் பார்த்து, துண்டு துண்டாக எரிப்பார்கள். பின்னால் வரும் இளம்புல்லை ஆடுகள் விரும்பித் தின்னும். திட்டத்தாளில் இவர்கள் வெறும் 'பயனாளிகள்' ஆகிவிடுகிறார்கள். காற்றையும் புல்லையும் அவர்களிடம் கேட்டல்லவா தாளையே எழுதவேண்டும்?

எண்ணிக்கையைப் பார்த்து நிம்மதி அடைவதும் ஆபத்து. தமிழ்நாட்டில் 2024-இல் 1031 வரையாடுகள், 2025-இல் 1303. மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டாம் முறை புதிய இடங்களிலும் போய் எண்ணினார்கள். கூடியதெல்லாம் குட்டி போட்டுக் கூடியதல்ல. கேரளப் பக்கம் 2025-இல் இரவிகுளத்தில் மட்டும் 841 இருந்தன. மற்ற கூட்டங்கள் பல மிகச் சிறியவை. பத்து இருபது ஆடு நிற்கும் ஒரு குன்றில் ஒரு நோய் போதும். நடுவே தேயிலையும் சாலையும் இருப்பதால் வேறு குன்றிலிருந்து ஆடு வந்து அந்த இடத்தை நிரப்பாது. பாலக்காட்டுக் கணவாயோ வடக்குக் கூட்டத்தையும் தெற்குக் கூட்டத்தையும் முன்பே பிரித்து வைத்திருக்கிறது.

மாநில எல்லையில் திட்டத்தை முடித்துக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டு ஆனைமலைப் புல்மலையில் காலையில் மேய்கிற ஆடு மாலையில் இரவிகுளத்தில் நிற்கலாம். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலங்களும் ஒரே நாட்களில் சேர்ந்து எண்ணியது அதனால்தான் பெரிய காரியம். எண்ணியதுபோலச் சீகை அகற்றுவதையும் தீ பரவாமல் தீக்கோடு போடுவதையும் சேர்ந்து செய்யவேண்டும்.

கடைசியாக ஒன்று. சராசரி மழையை வைத்து மட்டும் திட்டம் போடாதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, இரவிகுளத்தை ஒட்டிய பெட்டிமுடியில் மலை இறங்கி லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள், அநேகமாக எல்லாம் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த வருடத்துச் சராசரியில் அந்த இரவு தெரியாது. அதே சரிவுகளின் மேல்தான் ஆடுகளும் நிற்கின்றன. எந்தச் சரிவு வழுக்கும், எந்த ஓடை திடீரென்று பெருகும் என்று லயத்துக் கிழவிகளுக்கும் காவலுக்குப் போகும் முதுவர்களுக்கும் தெரியும். வரையாட்டுக்காக மேலே மழைமானி வைக்கிறவர்கள் அதன் எச்சரிக்கை கீழே லயத்துக்கும் அதே நிமிடம் வந்துசேர வழி செய்யட்டும்.